வழி மறிக்கும் வள்ளன்மை

 

2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வட லண்டனில் பின்ஸ்பரி பார்க் என்னும் பகுதியிலுள்ள பெட்ரோல் நிலையம் ஒன்று அன்று போர்க்களப் பாசறைபோல் வேடம் பூண்டு நின்றது. 20,000 பவுண்டு மதிப்புள்ள பெட்ரோலை ஒரு நிறுவனம் அங்கே இலவசமாக வழங்கப் போவதாக அறிவித்திருந்தது. வண்டி ஒன்றுக்கு 40 பவுண்டு வரை நிரப்பிக் கொள்ளலாம். அந்த நிறுவனம் எண்ணெய் வணிகம் செய்யும் நிறுவனமா என்றால், இல்லை. கணினி விளையாட்டுகளைத் தயாரிக்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் நிறுவனம் அது. வெனிசுலா நாட்டில் எண்ணெய்க்காக நடக்கும் போர் ஒன்றைக் கதையாகப் புனைந்து, ‘மெர்செனரீஸ் 2’ என்ற பெயரில் ஒரு விளையாட்டை அவர்கள் அப்போது சந்தைக்குக் கொண்டு வந்திருந்தனர். அதற்கு விளம்பரம் வேண்டும். அதற்காகவே இந்தக் கொடை!

அவ்வாண்டு ஜூலையில்தான் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்றின் விலை 147 டாலரை எட்டியிருந்தது. பிரிட்டனில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு பவுண்டுக்கு மேல் விற்றது. அந்த நேரத்தில் இலவசம் என்றால் வாராமல் இருப்பார்களா? வந்தார்கள். சுற்றியிருந்த தெருக்கள் அனைத்தும் அடைபட்டன. பணிக்குச் செல்வோர் நடுவழியில் நின்றனர். காவல் துறையினர் வர வேண்டியதாயிற்று. அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் லின் பெதர்ஸ்டோன் அம்மையார், இது பொறுப்பற்ற செயல், ஆபத்தான செயல் என்று கடிந்து கொண்டார்.

இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும் என நிறுவனத்தார் கேட்கலாம். வாசகர்களே, நாம் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20,000 பவுண்டை 40 பவுண்டால் வகுத்தால் 500 வண்டிகள். ஒரு வண்டியின் நீளத்தையும், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்து ஏழு மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 500 வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் மூன்றரைக் கிலோமீட்டர்! ஒரே ஒரு பெட்ரோல் நிலையத்தின் வாசலில் மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வரிசை. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் நிரப்பினாலும், ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் மணிக்கு 96 வண்டிகள்தாம் நகரும். வரிசை தீர ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். நம் மதரசாக்களில் வாரிசுரிமைப் பங்கீட்டை ஆறிலொன்று, எட்டிலொன்று என்று பிரித்துப் போடும் பிள்ளைகள் இக்கணக்கை ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில் இதைப் போட ஆள் இல்லாமலா போயிருக்கும்? பணத்தைக் கணக்கிட்டார்கள், சாலையைக் கணக்கிடவில்லை. ஏனெனில் பணம் அவர்களுடையது. சாலை அவர்களுடையது அன்று.

விளம்பரத்துக்காகச் செய்தவர்களை விட்டுவிடுவோம். நல்ல எண்ணத்தோடு செய்தால் இந்தத் தொல்லை நேராதா என்னும் கேள்விக்குச் சிகாகோ நகரம் விடை சொல்கிறது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. எண்ணெய் விலை ஏறியது. மார்ச் 11 அன்று அமெரிக்க நாட்டின் சராசரிப் பெட்ரோல் விலை காலன் ஒன்றுக்கு 4 டாலர் 33 சென்ட் என்னும் உச்சத்தைத் தொட்டது. காலன் என்பது ஏறத்தாழ 3.8 லிட்டர். அந்நாட்டில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஏழைகள் ஏராளம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நம் ஊரில் கார் செல்வத்தின் அடையாளம். அங்கே பல வேளைகளில் அது கூலிக்காரனின் கருவி.

இந்நிலையில் வில்லி வில்சன் என்னும் கறுப்பினத் தொழிலதிபர் முன் வந்தார். லூசியானா மாநிலத்தில் குத்தகை விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்து, ஏழாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை விட்டு, உணவக ஊழியராக வாழ்வைத் தொடங்கி, பின்னர் மருத்துவப் பொருள் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். கொரோனாக் காலத்தில் முகக்கவசங்களை வாரி வழங்கியவர். வறுமையின் முகம் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. மார்ச் 17, வியாழக்கிழமை காலை 7 மணி முதல், சிகாகோவின் பத்துப் பெட்ரோல் நிலையங்களில், வண்டிக்கு 50 டாலர் வீதம், மொத்தம் 2 லட்சம் டாலருக்கு இலவசப் பெட்ரோல் என்று அறிவித்தார்.

விடிவதற்கு முன்பே வரிசை நீண்டுவிட்டது. சாலைகள் அடைபட்டன. பேருந்துகள் தடைபட்டன. அப்பகுதிகளைத் தவிர்க்குமாறு நகர நிர்வாகம் வேண்டியது. மீண்டும் நம் கணக்குக்கு வருவோம். 2 லட்சத்தை 50-ஆல் வகுத்தால் 4,000 வண்டிகள். பத்து நிலையங்களுக்குப் பிரித்தால் நிலையம் ஒன்றுக்கு 400. ஏழு மீட்டர் வீதம் 2.8 கிலோமீட்டர். நம்முடைய லண்டன் கணக்குக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. விளம்பர வெறியில் செய்ததும், இரக்கத்தால் செய்ததும் சாலையில் ஒரே நீளத்துக்குத்தான் வந்து நின்றன.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 24 அன்று, வில்சன் மீண்டும் வழங்கினார். இம்முறை பத்து லட்சம் டாலர். சிகாகோவிலும் சுற்றியுள்ள புறநகர்களிலுமாக ஏறத்தாழ ஐம்பது நிலையங்கள். முன்பு நேர்ந்ததிலிருந்து பாடம் கற்றுப் பரவலாக்கினார் என்று பாராட்டலாம். ஆனால் வகுத்துப் பாருங்கள். 20,000 வண்டிகள், 50 நிலையங்கள்: மறுபடியும் நிலையம் ஒன்றுக்கு அதே 400! முதல் வாரம் பத்து இடங்களில் நின்ற வரிசை, இரண்டாம் வாரம் ஐம்பது இடங்களில் நின்றது. இம்முறை காவலர்களும் போக்குவரத்துப் பணியாளர்களும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டதால் குழப்பம் ஓரளவு குறைந்தது. அவர்களுக்கு ஊதியம் யார் கொடுத்தது? வரி செலுத்தும் மக்கள். கொடையாளியின் பத்து லட்சத்தோடு, பொதுமக்கள் கேட்காமலே கொடுத்த இன்னொரு கொடையும் அன்று கலந்திருந்தது. அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

வரிசையில் நின்றவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏளனம் செய்வோர் உண்டு. அது தவறு. சிகாகோவில் அப்போது பெரிய நிறுவனங்களில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். 50 டாலர் என்பது மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பின் விலை. அதற்காக விடியற்காலையில் இரண்டு மணி நேரம் காத்திருப்பவன் கணக்குத் தெரியாதவன் அல்லன், தேவையுள்ளவன்.

என் மனத்தை உறுத்துவது வரிசையில் நின்றவர் அல்லர். வரிசைக்குப் பின்னால் பேருந்தில் உட்கார்ந்திருந்தவர். சிகாகோவில் ஏறத்தாழ நான்கில் ஒரு வீட்டுக்குச் சொந்தக் கார் கிடையாது. கார் வைத்திருக்கும் ஏழையைவிட ஏழை, கார் இல்லாத ஏழை அன்றோ? அவருக்கு அந்தக் கொடையில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் அவருடைய பேருந்து நின்றுவிட்டது. பணிக்குத் தாமதமாகச் சென்றால் கூலி பிடிக்கப்படுவதும் அவருக்குத்தான். மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்புக்கு நேரம் குறித்திருக்கும் நோயாளி, குழந்தையைப் பள்ளியில் விடப் போகும் தாய், காலை வியாபாரத்தை நம்பியிருக்கும் அத்தெருவின் சிறு கடைக்காரர் ஆகியோரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. ஒருவருக்குக் கொடுப்பதற்காக மற்றொருவரிடமிருந்து நேரத்தை எடுத்துக் கொள்ளும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் நற்செயலாக எண்ணும் சமுதாயத்தைச் சேர்ந்த நமக்கு இக்கேள்வி புதிதாகத் தோன்றாது.

வேறு வழி இருந்ததா? இருந்தது, அதே நகரம் அதே ஆண்டில் அதைச் செய்தும் காட்டியது. மேயர் லோரி லைட்புட் மார்ச் 31 அன்று ஒரு திட்டத்தை அறிவித்தார். 150 டாலர் மதிப்புள்ள 50,000 பெட்ரோல் அட்டைகள், 50 டாலர் மதிப்புள்ள 1,00,000 பேருந்து-ரயில் அட்டைகள். மொத்தம் 1 கோடியே 25 லட்சம் டாலர். வருமான வரம்புக்கு உட்பட்டோர் விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கல் முறையில் தேர்வு. ஏழைகள் மிகுந்த பகுதிகளுக்குப் பெரும்பங்கு. எண்ணிக்கையைக் கவனியுங்கள்: பெட்ரோல் அட்டையைவிடப் பேருந்து அட்டை இரண்டு மடங்கு! கார் இல்லாதவரை நினைவில் வைத்த கணக்கு இது. எவரும் குறிப்பிட்ட ஒரு காலையில், குறிப்பிட்ட ஒரு வாசலில் வந்து நிற்கத் தேவையில்லை.

இதிலும் அரசியல் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேர்தலுக்கு முந்திய விளையாட்டு என்று நகர மன்ற உறுப்பினர் பலர் எதிர்த்தனர். குறைந்த வாக்கு வேறுபாட்டில்தான் திட்டம் நிறைவேறியது. வில்சனும் ஏப்ரல் மாதத்தில் மேயர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். 2023 பிப்ரவரி 28 அன்று நடந்த தேர்தலில் பெட்ரோல் ஊற்றியவரும் அட்டை கொடுத்தவரும் முதற் சுற்றிலேயே தோற்றார்கள்! வாக்காளர் பெற்றுக் கொண்டதை மறந்துவிட்டார்களா, நினைவில் வைத்திருந்தார்களா என்பதை நான் சொல்ல மாட்டேன்.

இலவசத்தை விட்டுத் தள்ளுபடிக்கு வந்தால் நிலைமை இன்னும் வியப்பானது. சர்க்கிள் கே என்பது வட அமெரிக்காவில் பல்லாயிரம் கடைகளையும் பெட்ரோல் நிலையங்களையும் நடத்தும் நிறுவனம். 2024 மே 23 அன்று, அமெரிக்கா முழுவதும் தன் நிலையங்களில் காலனுக்கு 40 சென்ட் வரை தள்ளுபடி என்று அறிவித்தது. நேரம் என்ன தெரியுமா? மாலை 4 மணி முதல் 7 மணி வரை. அலுவலகம் விட்டு ஊரே வீடு திரும்பும் மூன்று மணி நேரம்! நீண்ட விடுமுறை வாரத்தின் தொடக்கம் வேறு. ஒரு வண்டியில் 15 காலன் நிரப்பினால் மிச்சமாவது 6 டாலர். இயந்திரத்தை அணைக்காமல் நின்றால் மணிக்குக் கால் முதல் அரைக் காலன் வரை எரிந்து போகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவருக்கு அந்த 6 டாலரிலும் ஒன்றோ இரண்டோ புகையாகப் போயிருக்கும். அடுத்தவர் சுவாசித்த புகைக்கு விலை போடவில்லை.

அதே தள்ளுபடியை அந்த மாதம் முழுவதும் காலனுக்கு ஒரு சென்ட், இரண்டு சென்ட் என்று பரப்பியிருந்தால் எவருக்கும் தொல்லை இருந்திராது. ஆனால் செய்தித்தாளில் பெயரும் வந்திராது. கூட்டம்தான் இங்கே விளம்பரம். வரிசை நீள நீளத் தொலைக்காட்சிக் காமிராக்கள் வரும். சாலை அடைபடுவது இத்தகைய திட்டத்தில் எதிர்பாராமல் நேரும் குறை அன்று. அதன் உள்ளீடே அதுதான் என்று நான் கருதுகிறேன். துணைப் பாடமாகப் பொருளாதாரம் படித்தவன் என்ற அளவில் இதைச் சொல்கிறேன். வணிகம் படித்தவர்கள் மறுத்தால் கேட்டுக் கொள்கிறேன்.

இத்தகைய வேடிக்கைகளைப் பல நிறுவனங்கள் ‘சமூகப் பொறுப்பு’ என்ற பெயரில் அழைத்துக் கொள்வதுண்டு. இதில் நம் நாட்டுச் சட்டம் சற்றுத் தெளிவாகவே பேசுகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றுள் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்திய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. தன் வழக்கமான வணிகத்தின் பகுதியாகச் செய்வதும், தன் பொருளுக்குச் சந்தை தேடுவதற்காகப் பணம் கொடுத்து ஆதரிக்கும் நிகழ்ச்சியும் இக்கணக்கில் சேராது என்று விதிகள் கூறுகின்றன. அதாவது, பெட்ரோல் விற்பவன் பெட்ரோலில் தள்ளுபடி கொடுத்துவிட்டுச் சமூகத் தொண்டு செய்தேன் என்று எழுதிக் கொள்ள முடியாது. நல்ல விதி. ஆனால் நிகழ்ச்சியால் தெருவுக்கு நேர்ந்த இழப்பை அந்நிறுவனத்தின் பெயரில் எழுதும் பத்தி ஒன்று கணக்குப் புத்தகத்தில் இல்லை. கொடுத்தது பதிவாகும். கெடுத்தது பதிவாகாது.

இவையெல்லாம் லண்டன், சிகாகோக் கதைகள், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அங்கே வரிசையில் நின்றவை வண்டிகள். சுற்றிலும் இரும்பு உண்டு; இடித்தால் தகடு நசுங்கும். நம்மவர் கொடுக்கும் இடங்களில் வரிசையில் நிற்பது உடம்புகள்.

2020 மே 21. ரமலான் மாதத்தின் இறுதி நாட்கள். கொழும்பு மாநகரின் மாளிகாவத்தையில் வணிகர் ஒருவர் ஏழைகளுக்குப் பணம் வழங்குகிறார் என்னும் செய்தி பரவியது. கொரோனாவினால் வேலையும் வருவாயும் இழந்திருந்த மக்கள் திரண்டார்கள். நெரிசலில் மூன்று பெண்கள் மாண்டார்கள். பெருநாள் செலவுக்கு எடுத்துச் செல்ல வந்த தாய்மார்களை வீட்டார் மையித்தாகச் சுமந்து சென்றனர். கொடுக்க நினைத்தவர் கொலை செய்ய நினைத்தாரா? ஒருபோதும் இல்லை. ஆனால் இத்தனை பேர் வந்தால் இந்த வாசல் தாங்குமா என்னும் கணக்கை யாரும் போடவில்லை.

டோக்கன் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்வோருக்கு நம் வாணியம்பாடியை நினைவூட்டுகிறேன். 2023 பிப்ரவரி 4 அன்று, தைப்பூசத்தை முன்னிட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் சார்பில் இலவச வேட்டி சேலை வழங்க ஏற்பாடாகியிருந்தது. அன்று வழங்கப்பட்டது சேலைகூட அன்று, சேலைக்கான டோக்கன். அந்த டோக்கனை வாங்க வந்த கூட்டத்தில் நான்கு முதிய பெண்கள் உயிரிழந்தார்கள். வரிசையைத் தவிர்க்கக் கொண்டு வந்த சீட்டுக்கே ஒரு வரிசை!

இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களில் கடை வைத்திருப்போர் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்துவோர் உண்டு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் வணிகம் செய்து, ரமலானில் ஊருக்கு வந்து அள்ளிக் கொடுப்போரும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுக்கும் தொகையை எழுதிய தாளிலேயே, கீழே மூன்று எண்களை எழுதுங்கள். எத்தனை பேர் வருவார்கள், ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகும், வாசலுக்கு முன்னுள்ள தெருவில் எத்தனை பேர் நிற்க முடியும். 1,000 பேருக்குத் தலா ஒரு நிமிடம் என்றால் ஒரே மேசையில் பதினாறு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதை அப்போது காண்பீர்கள். மேசையைப் பத்தாக்கலாம்; நாளை ஐந்தாக்கலாம். அதைவிட எளிது, மஹல்லாவின் பட்டியலை வாங்கி, ஷஅபான் மாதத்திலேயே தெருவுக்கு இரண்டு இளைஞர்களை அனுப்பி, கதவைத் தட்டிக் கொடுத்துவிடுவது. பல ஊர்களில் இப்படிச் செய்கிறார்கள். வாங்குகிறவரின் முகமும் தெருவுக்குத் தெரிவதில்லை.

புதுக் கடைத் திறப்பு விழாவுக்கு முதல் நூறு பேருக்குப் பாதி விலை என்று துண்டறிக்கை அடிக்கக் கொடுக்கப் போகும் தம்பிமார்களுக்கும் இதுவேதான். அந்த நூறு பேருக்காக எத்தனை நூறு பேர் வந்து நிற்பார்கள் என்று அச்சகத்துக்குப் போகும் முன் எண்ணிப் பாருங்கள். சலுகையை முதல் மாதம் முழுவதற்கும் பரப்புங்கள். இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களிடமும் எதிர்வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். எதிரே மருத்துவமனையோ பேருந்து நிறுத்தமோ இருந்தால் நாளையும் நேரத்தையும் மாற்றுங்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதை நண்பரிடம் ஒப்படைக்காமல் நீங்களே நேரில் சென்று கொடுங்கள்.